ஊருணியாகும் நூற்பட்டியல்

நுழையும்முன்

நூலகத்தின் செல்வம் நூல்கள். அச்செல்வத்தின் திறவுகோல் நூற்பட்டியல். அட்டைகளில் இருந்த பட்டியல் இன்று கணினிக்கு இடம்பெயர்ந்துள்ளது. அதனை இயக்கும் மென்பொருள் யாருடைய உடைமையாக இருத்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாணவியும் ஒருநாளும்

மீஞ்சூரில் வாழும் கல்லூரி மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் அணித்தே அமைந்த அவ்வூரிலிருந்து, பொன்னேரியிலுள்ள அரசுக் கல்லூரிக்கு அவள் புறநகர்த் தொடர்வண்டியில் செல்கிறாள். கட்டுரை எழுதத் தேவையான நூல் கல்லூரி நூலகத்தில் இல்லையெனில், எதிர்த்திசையில் பயணம் செய்து சென்னைக் கன்னிமாரா நூலகத்தில் தேட வேண்டும். அங்கும் கிடைக்காவிடில் ஒருநாள் வீணாகும். நூல் இருக்குமிடத்தை வீட்டிலிருந்தே அறிய முடிந்தால், அந்நாள் படிப்பதற்கு மிஞ்சும்.

வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதை நூலகத்தின் ஐந்து விதிகளுள் ஒன்றாக வகுத்தவர், இந்திய நூலகவியலின் தந்தை சீர்காழி இரா. அரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூலகம் வளரும் உயிரி என்பது அவரது ஐந்தாம் விதி. வளரும் உயிரிக்குத் தைத்த சட்டையும் வளர வேண்டும். பூட்டிய மென்பொருள் அவ்வாறு வளர்வதில்லை. அதன் மூலநிரல் விற்ற நிறுவனத்திடமே இருக்கும். அந்நிறுவனம் தொழிலைக் கைவிட்டால், பல்லாண்டு உழைப்பில் உருவான பட்டியலும் இடருக்குள்ளாகும்.

கொடையாக வந்த மென்பொருள்

இத்தகைய இடரை நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை 1999இல் எதிர்கொண்டது. அதன் பழைய கணினி அமைப்பு 2000ஆம் ஆண்டின் தேதியைக் கையாள இயலாதது. வேறொரு மென்பொருளை விலைக்கு வாங்காமல், உள்நாட்டு நிறுவனம் ஒன்றைக்கொண்டு புதிதாக ஒன்றை எழுதச் செய்தது. அது 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இடந்தரும் பொது உரிமத்தின்கீழ் உலகுக்கு அளிக்கப்பட்டது. அதன் பெயர் கோஹா. மாவோரி மொழியில் அச்சொல், பெற்றவர் மறுபடி செய்யும் கடமையையும் உட்கொண்ட கொடையைக் குறிக்கும்.

நூல் வாங்குதல், பட்டியலிடுதல், இரவல் வழங்குதல், இதழ்களைப் பதிதல், இணையவழித் தேடல் அனைத்தையும் கோஹா செய்கிறது. இந்தியாவில் பல கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இதனைப் பயன்படுத்துகின்றன. ஆய்வேடுகளைச் சேமித்து வழங்க டிஸ்பேஸ், பல தொகுப்புகளை ஒருசேரத் தேட வியூஃபைண்ட் எனப் பிற திறந்த மூல மென்பொருள்களும் உள்ளன. இவை இணைந்து இயங்கினால், பொன்னேரியிலும் சென்னையிலும் உள்ள நூல்களை மீஞ்சூர் மாணவி ஒரே பட்டியலில் காணலாம்.

தமிழில் தேடுதல்

தமிழ் நூல்களுக்கு இது மேலும் இன்றியமையாதது. தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதிந்தால், ல, ள என்னும் இரண்டும் ஒன்றாகிவிடும். குறில் நெடில் வேறுபாடும் மறையும். ‘புறநானூறு’ என்பதை ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறுவகையாகவும் எழுதுவர். சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. என ஒருவரே மூவராகவும் தோன்றுவார். நூல் அடுக்கில் இருந்தும் வாசகருக்கு இல்லாததாகிவிடும். ஒருங்குறித் தமிழில் பதிந்து, பெயர் வேறுபாடுகளை ஒரு தலைப்பின்கீழ் இணைப்பதே இதற்குத் தீர்வு. அதற்கான வசதி கோஹாவில் உண்டு. குறையிருப்பின், தமிழறிந்த நிரலரே அதனைத் திருத்தலாம். எந்த நிறுவனத்தின் இசைவுக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளையே மேற்கொண்டது. பெருநிதி இல்லாதவர்களும் பெரும்பணி ஆற்ற இயலும் என்பதற்கு இதுவே சான்று.

தூர்வாரும் கடமை

திறந்த மூல மென்பொருளால் செலவே இல்லை என்று கருதுதல் பிழை. வழங்கிக் கணினியும், நாள்தோறும் படியெடுத்துக் காக்கும் ஒழுங்கும், பயிற்சி பெற்ற நூலகரும் தேவை. இவையின்றி நிறுவினால் மென்பொருள் பயனற்றுப் போகும். பழுது நேர்ந்தால் அழைத்தவுடன் உதவ ஒரு நிறுவனம் இருத்தல் நன்று என்பாரின் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், உரிமத் தொகைக்கு ஆண்டுதோறும் செல்லும் பணத்தை நூலகர் பயிற்சிக்குச் செலவிட்டால், அத்திறன் இம்மண்ணிலேயே தங்கும்.

ஒப்புரவை விளக்கவந்த வள்ளுவர் ஊருணியை உவமையாக்கினார். ஊருணியில் நீர் முகக்க எவருக்கும் விலையில்லை. ஆயினும் தூர்வாருதல் ஊராரின் கடமை. திறந்த மூல மென்பொருளும் அத்தகையதே. இடைமுகச் சொற்களைத் தமிழாக்குதல், பிழைகளைச் சுட்டுதல், தம் பள்ளி நூலகத்தின் நூல்களைத் தமிழில் பதிதல் ஆகியன மாணவராலும் இயலும் பணிகள். பெற்ற கொடைக்குச் செய்யும் மறுபடி அதுவே.