தங்கியவரும் வந்துபோனவரும்

வெளிநாட்டுக் கட்டடக்கலை நிறுவனங்கள் இப்போது வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, உள்ளூர்க் கூட்டாளியிடம் வேலையை ஒப்படைக்கின்றன. செலவு மிச்சம்தான். ஆனால் பொதுப்பணித்துறையில் காலம் தள்ளிய எனக்குத் தெரியும்: மேஸ்திரி கேட்கும் சந்தேகத்துக்கு மறுநாள் பதில் வருவதற்குள் கான்கிரீட் இறுகிவிடும்.

சண்டிகரைப் பாருங்கள். லெ கொர்பூசியே பாரிஸ் அலுவலகத்தை விடாமல், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்துபோனார். அவருடைய உறவினர் பியர் ழான்னரே அங்கேயே தங்கினார், 1965 வரை. அரசு ஊழியர்களுக்கு உள்ளூர்ச் செங்கல்லில், வெயிலுக்கேற்ற வீடுகள் கட்டினார். அவர் விருப்பப்படி அஸ்தியை சுக்னா ஏரியில் கரைத்தார்கள்.

புகழ் வந்துபோனவருக்கு. ஊர் தங்கியவருக்கும் கடன்பட்டிருக்கிறது. உலகம் முழுக்கத் தொழில் செய்யுங்கள். தளத்தில் நிற்க உங்கள் ஆள் ஒருவரையாவது அனுப்புங்கள்.