பின் சீட் ஆசை

எனக்கு ஒரு வியாதி உண்டு. சம்பளம் வந்த மூன்றாம் நாள் பழைய கார் விளம்பரங்களைப் பார்ப்பேன். வாங்க அல்ல, சும்மா விலை விசாரிக்க. போன மாதம் வியாதி முற்றிவிட்டது.

ஜெர்மன் கார். டீசல். 2013 மாடல். கர்நாடகா நம்பர். முதலில் வாங்கியவர் 50 லட்சம் கொடுத்தாராம். இப்போது ஆறரை லட்சம்! மீட்டர் 1,82,000 கிலோமீட்டர் காட்டியது.

"பயப்படாதீங்க சார், எல்லாம் ஹைவே ஓட்டம்" என்றார், பெங்களூரிலிருந்து அதைத் தருமபுரிக்கே ஓட்டி வந்த புரோக்கர்.

பழைய கார் விற்கிற எவராவது, ‘எல்லாம் குண்டு குழி ஓட்டம்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

வீட்டில் மெதுவாக விஷயத்தை எடுத்தேன். "ஏங்க, அது பொண்ணு காலேஜுக்குன்னு எடுத்து வெச்ச பணம்தானே?" என்றாள் மனைவி. குரல் உயரவே இல்லை. அதுதான் ஆபத்து.

என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. வெளியே சொல்லவில்லை. அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ராத்திரி பகல் பாராமல் தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கியவர். வாழ்க்கை பூரா முன் சீட்டுதான். ஒரு தடவையாவது அவரைப் பெரிய காரின் பின் சீட்டில் சாய்ந்து உட்கார வைத்து...

சரி, முதலில் மெக்கானிக் பாய் பார்க்கட்டும் என்று கூப்பிட்டேன்.

பாய் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஆறட்டும். சூடா இருக்கிற இன்ஜின் பொய் சொல்லும். காலையில முதல் ஸ்டார்ட்டுலதான் குணம் தெரியும்."

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். பெடல் ரப்பர் தேய்மானம், டிரைவர் சீட் ஓரம், ஸ்டியரிங் வழவழப்பு எல்லாம் பார்த்தார். டயரில் கடைசி நாலு எண் 2319. அதாவது 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்த டயர். ஸ்கேனர் மாட்டினார். ஓடிய கணக்கு மீட்டரில் மட்டும் இருக்காதாம். பல கார்களில் வேறு சில எலெக்ட்ரானிக் பெட்டிகளிலும் பதிவாகியிருக்குமாம்.

"வருஷத்துக்கு 15,000-னு வெச்சாலே 12 வருஷத்துல 1,80,000. கணக்கு சரிதான். இதே வண்டி 60,000 காட்டியிருந்தா நான் கிட்டயே வந்திருக்க மாட்டேன்" என்றார்.

புரோக்கர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு!

அப்புறம் பாய் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். டயர் நாலு, 60,000. சஸ்பென்ஷன், 1,20,000. கியர்பாக்ஸ் ஆயில், ஃபில்டர், 30,000. ஆக மொத்தம் 2,10,000. இது போக, கர்நாடகாவிலிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டினால்தான் வண்டி ‘டி.என். 29’ ஆகும். 2028-ல் 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தையும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள்.

"காருக்குத்தான் சார் வயசாக ஆக விலை குறையும். ஸ்பேருக்குக் குறையாது. நீங்க ஆறரை லட்சத்துக்கு வாங்கினாலும், அது கேக்கற தீனி 50 லட்சம் ரூபாய் வண்டியோட தீனிதான்."

யானையைச் சும்மா கொடுத்தாலும் கரும்பு நாம்தானே வாங்க வேண்டும்!

ஆனாலும் ஆசை விடவில்லை. அப்பாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து, தொப்பூர் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். புரோக்கர் என் பக்கத்தில். ஐந்தாவது கிலோமீட்டரில் அப்பா முதுகைத் தட்டினார்.

"நிறுத்துடா. பின்னாடி உக்காந்தா ரோடே தெரியல."

புரோக்கர் பின்னால் போக, அப்பா முன் சீட்டுக்கு வந்தார். முகத்தில் அப்போதுதான் தெளிவு. கணவாய் இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் சொன்னார்:

"இறங்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுடணும் தம்பி. பாதி இறக்கத்துல பிரேக்கை நம்பக் கூடாது."

ரோட்டைத்தான் சொன்னாரா, காலேஜ் பணத்தையும் சேர்த்துச் சொன்னாரா? கேட்கவில்லை. திரும்பி வந்து சாவியைப் புரோக்கரிடம் கொடுத்தேன்.

மறுநாள் அப்பாவை என் பழைய சின்னக் காரிலேயே சேலத்துக்கு அழைத்துப் போனேன். முன் சீட்டில்தான். வழி நெடுக எனக்கு டிரைவிங் கற்றுக் கொடுத்துக்கொண்டே வந்தார். ரொம்ப சந்தோஷம் அவருக்கு.

வியாதி குணமா என்கிறீர்களா? நேற்றோடு சம்பளம் வந்து மூன்று நாள் ஆகிறது. கோயமுத்தூரில் ஒரு ஸ்வீடன் கார் இருக்கிறதாம். வெறும் 1,60,000 கிலோமீட்டர்...

சும்மா, விலை விசாரிக்கத்தான்!