மின்சுற்றா, மின்வழியா? மேடை ஒளியமைப்புக் கலைச்சொற்கள் குறித்து

மேடை ஒளியமைப்பை வரைவதற்குப் பயன்படும் மென்பொருள்களுள் வெக்டர்வொர்க்ஸ் ஸ்பாட்லைட் குறிப்பிடத்தக்கது. அதில் ஒவ்வொரு விளக்கிற்கும் யூனிட், சர்க்கியூட், டிம்மர், சேனல் என விவரக் கட்டங்கள் உள்ளன. நான்கிலும் எண்களே இடப்படுவதால், புதிதாகப் பயில்வோர் இவற்றை ஒருபொருட் பன்மொழி என மயங்குவது இயல்பே.

யூனிட் எண், தொங்குகுழாயில் விளக்கு எத்தனையாவது என்பதைக் காட்டும். சேனல், ஒளியை இயக்குபவர் தம் மேசையில் அழைக்கும் எண். டிம்மர், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி. சர்க்கியூட் என்பது விளக்கைச் செருகும் இணைப்பு முனையிலிருந்து டிம்மர் வரை செல்லும் கம்பிவழி. ஏழாம் விளக்கு 42ஆம் சர்க்கியூட்டில் செருகப்பட்டு, 18ஆம் டிம்மருடன் இணைந்து, 5ஆம் சேனலாக அழைக்கப்படலாம். பழைய அரங்குகளில் சர்க்கியூட்டுகள் மிகுதி, டிம்மர்கள் குறைவு. எனவே இணைப்பு நாடகத்துக்கு நாடகம் மாறியது. சர்க்கியூட்டுக்கு ஒரு டிம்மர் என்ற அமைப்பு வந்தபின் ஈரெண்ணும் ஒன்றாயின. எல்இடி விளக்குகளுக்கு வெளி டிம்மரே வேண்டா. ஆயினும் அக்கட்டத்தில் கட்டுப்பாட்டு முகவரியை எழுதும் வழக்கம் உண்டு. கருவி போயிற்று, சொல் தங்கிற்று. சொற்பொருள் மாற்றம் ஆய்வோர்க்கு இது நல்ல சான்று.

சர்க்கியூட்டைத் தமிழாக்க முனைவோர்க்கு முதலில் தோன்றுவது 'மின்சுற்று'. இயற்பியலில் அது பொருந்தும். மின்னோட்டம் புறப்பட்ட இடத்திற்கே மீளும் மூடிய பாதையை அது சுட்டுகிறது. மேடையில் சுட்டப்படுவதோ எண்ணிட்ட ஒரு முனையும் அதன் வழியும். சோக்காபெக்ஸ் என்னும் பல்கம்பி வடத்தில் ஆறு சர்க்கியூட்டுகள் அடங்கும். வரைபடத்தில் வடத்தின் பெயர் சர்க்கியூட் பெயராகவும், ஆறனுள் எது என்பது சர்க்கியூட் எண்ணாகவும் இடம்பெறுவதுண்டு. 'மின்சுற்றுப் பெயர்' என்று படிக்கும் தமிழ்வழி மாணவர் ஒரு வடத்தை நினைப்பாரா? 'மின்வழி' என்பதே என் பரிந்துரை.

சேனலுக்கு 'அலைவரிசை' என்பது தொலைக்காட்சியிடம் பெற்ற கடன். இங்கு அலையும் இல்லை, வரிசையும் இல்லை. 'அழைப்பெண்' போதும். டிஎம்எக்ஸ் 512 நெறிமுறையில் 512 இடங்கள் கொண்ட தொகுதிக்கு யுனிவர்ஸ் என்று பெயர். அதனைப் 'பேரண்டம்' என்று பெயர்த்தால் நகைப்பே மிஞ்சும்; 'தொகுதி' என்றே வழங்கலாம்.

இது சொல்லழகு பற்றிய வழக்கன்று. அமெரிக்க அரங்குகளில் வழக்கமான 2.4 கிலோவாட் டிம்மர், 1 கிலோவாட் விளக்குகள் இரண்டைத் தாங்கும், மூன்றாவதைத் தாங்காது. ஆனால் பல டிம்மர்களை ஒரே சேனலில் சேர்க்கலாம். அங்கே இந்த வரம்பு இல்லை. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் குறிக்கும் கையேட்டை நம்பி ஒருவர் மூன்றாம் விளக்கையும் செருகினால், காட்சியின் நடுவே மேடை இருண்டுவிடும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி மூன்றும் திரை இயங்கும் முறையால் பெயர் பெற்றவை. அவற்றைப் பாடமாக நடத்தும் நாம், அறிவியல் அகராதியைப் புரட்டி மேடைச்சொல் ஆக்குவது வியப்பே. கம்பி இழுப்போரின் அருகிருந்து கேட்டபின்னரே கலைச்சொற்பட்டியல் அச்சேற வேண்டும். டிம்மருக்கு மட்டும் எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. 'ஒளிமட்டுப்படுத்தி' என எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.