பழைய பிக்கப்பைத் தள்ளிவிடச் சொல்லும் அறிவாளிகளுக்கு

"ரிப்பேர் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு எடு." இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஷோரூம் பையன் சொல்வான், பேங்கில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் சொல்வார், டீக்கடையில் பேப்பர் படிப்பவர் சொல்வார். ஏன் பாதி, ஏன் முக்கால் இல்லை என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் கிடையாது. ஏதோ நியூட்டன் விதி மாதிரி ஒப்பிப்பார்கள். இந்த விதி தப்பு. சும்மா தப்பு இல்லை, லோடு அடித்துப் பிழைக்கிற குடும்பத்தைக் கடனில் இறக்கிவிடுகிற தப்பு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? என் மாமா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தக்காளி, முருங்கைக்காய், வெங்காயம் ஏற்றுகிறவர். 2011 மாடல் பிக்கப். இப்போது என்ஜினில் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, ஆயில் குடிக்கிறது, மேட்டில் லோடோடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. (பிக்கப்புக்கே பிக்கப் இல்லை. மன்னிக்கவும், எழுதாமல் இருக்க முடியவில்லை :-)) மெக்கானிக் என்ஜினை இறக்கி போர் அடித்து, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற 90,000 கேட்கிறார். புரோக்கர் இருக்கிற நிலையிலேயே வண்டிக்கு 1,60,000 தருகிறேன் என்கிறார். பாதி என்றால் 80,000. ஆக, மேற்படி விதிப்படி வண்டி காலி. வீட்டில் இரண்டு மாசமாக இதே பட்டிமன்றம். மாமா பெண் அடுத்த வருஷம் காலேஜ் சேரப் போகிறாள், அதனால் யாருக்கும் இது விளையாட்டு இல்லை.

முதலில் அந்த விதியில் எங்கே ஓட்டை என்று பார்ப்போம். ரிப்பேர் செலவை வண்டி விலையோடு ஒப்பிடுகிறார்கள். எதற்கு? மாமா வண்டியை வைத்து லோடு அடிக்கிறார், வாங்கி விற்கிற வியாபாரம் செய்யவில்லை. அவருக்கு வேண்டியது அடுத்த நாலு வருஷத்துக்குக் காய் மார்க்கெட் போய்ச் சேருவது. அதற்கு இரண்டு வழி. ஒன்று ரிப்பேர், இன்னொன்று புதுசு. அப்படியானால் ரிப்பேர் செலவைப் புது வண்டிச் செலவோடுதானே ஒப்பிட வேண்டும்? பழைய வண்டியின் மார்க்கெட் விலை அந்தக் கணக்கில் ஒரு சின்ன வரி, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். புது வண்டி ஆன் ரோடு 8,60,000 என்று வையுங்கள். பழசை விற்ற 1,60,000 முன்பணம். மிச்சம் 7 லட்சம் ஃபைனான்ஸ், 12 சதவீத வட்டி, 48 மாசம். டியூ மாசம் 18,434 ரூபாய். மொத்தம் கட்டுவது 8,84,832. அதில் வட்டி மட்டும் 1,84,832. புரோக்கர் மாமா வண்டிக்குச் சொன்ன முழு விலையை விட இந்த வட்டி ஜாஸ்தி! மெக்கானிக் கேட்கிற 90,000 ஐந்து மாச டியூ கூட இல்லை. ரிப்பேர் என்றால் "ஐயோ இவ்வளவா" என்று வாயைப் பிளப்பவர்கள் டியூவைப் பற்றிப் பேசும்போது "மாசம் பதினெட்டுதானே" என்கிறார்கள். அந்த "தானே"யில்தான் குடும்பம் மூழ்குகிறது.

"தம்பி, நாலு வருஷம் கழிச்சுப் புது வண்டிக்கு ரீசேல் இருக்குல்ல?" இருக்கிறது, மறுக்கவில்லை. 4 லட்சத்துக்குப் போகும் என்று தாராளமாகவே வைக்கிறேன். முன்பணம், டியூ எல்லாம் கூட்டி இந்த 4 லட்சத்தைக் கழித்தால் வருஷத்துக்குச் சுமார் 1,61,200. சர்வீஸ், டயர் என்று வருஷம் 20,000 சேர்த்தால் 1,81,200. பழசுக்கு இன்றைய விலை 1,60,000, என்ஜின் வேலை 90,000. அதற்கு மேல் கிளட்ச், டயர், பட்டை, செல்ஃப் மோட்டார் என்று வருஷம் 60,000 செலவு வைக்கும் என்றே வைப்போம். நாலு வருஷம் கழித்து 60,000க்குப் போகட்டும். வருஷத்துக்கு 1,07,500 வருகிறது. வித்தியாசம் 73,700.

டீசலை விட்டுவிட்டேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மாமா மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார், வருஷம் 18,000. பழசு லிட்டருக்கு 12, புதுசு 15 என்றால் வருஷத்துக்கு 300 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 27,600. இதையும் கழித்த பிறகு பழைய வண்டி வருஷம் 46,100 ரூபாய் லாபத்தில் நிற்கிறது. புது வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் கூடுதலாக வருமே, அதை நான் சேர்க்கவே இல்லை. எதிர்க்கட்சிக்குச் சலுகை.

அப்படியானால் புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வாதம்கூட மிச்சம் இல்லையா? ஒன்று இருக்கிறது. ஆனால் அதை அவர்கள் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். வண்டி நின்றுபோகிற நாட்கள். தக்காளி காத்திருக்காது. வண்டி ஷெட்டில் கிடந்தால் வாடகை வண்டி பிடிக்க வேண்டும். நம் டீசல் மிச்சத்தைக் கழித்தது போக நாளைக்கு 1,500 கூடுதல் என்று வைத்தால், 46,100ஐ 1,500ஆல் வகுத்தால் 30 நாள் சொச்சம் வருகிறது. அதாவது புது வண்டியை விட வருஷத்துக்கு ஒரு மாசம் அதிகமாக வண்டி படுத்தால்தான் புதுசு எடுப்பது சரி. ஒழுங்காக வேலை பார்த்த என்ஜின் வருஷத்துக்கு ஒரு மாசம் படுக்காது. படுத்தால் மாற்ற வேண்டியது மெக்கானிக்கை.

இன்னொரு விஷயமும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. இதே வண்டி மாசம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் எல்லாம் தலைகீழ். டீசல் வித்தியாசம் 55,200 ஆகிறது. பராமரிப்பும் இரண்டு பக்கமும் இரட்டிப்பாகும் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், புது வண்டி வருஷம் இருபதாயிரம் சொச்சத்தில் ஜெயிக்கிறது. நின்றுபோகிற நாட்களைச் சேர்த்தால் இன்னும் ஜாஸ்தி. தினமும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அடிக்கிறவர் பழசைக் கட்டிக்கொண்டு அழக்கூடாது. எனவே கேட்க வேண்டியது வண்டிக்கு எத்தனை வயசு என்று இல்லை, மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று. அட்வைஸ் பண்ண வந்தவர்களில் ஒருத்தராவது மாமாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்களா? ம்ஹூம்.

அடுத்து வதந்தி டிபார்ட்மென்ட். "15 வருஷம் ஆனா கவர்ன்மென்ட்டே வண்டியைப் பிடிச்சு நொறுக்கிருவான்." இதை நம்பி அவசர அவசரமாக அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த பழைய வாகன அழிப்புக் கொள்கையில் தனியார் வண்டிக்கு அப்படி நாடு தழுவிய வயசு வரம்பு கிடையாது. எஃப்.சி.யில் தேறுகிறதா என்பதுதான் கேள்வி. 15 வருஷம் முடிந்தால் பதிவு கிடையாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் வந்த விதி அரசு வண்டிகளுக்கு. டில்லி கதை தனி: 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அது தலைநகர் வட்டாரத்துக்கு. ஒட்டன்சத்திரம் அந்த வட்டாரத்தில் இல்லை என்று நம்புகிறேன் :-)

ஆனால் செலவு ஏறியிருக்கிறது, அது உண்மை. லோடு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்குப் பிறகு வருஷா வருஷம். பழைய வண்டிகளுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் 1 முதல் நன்றாகவே கூட்டினார்கள், அதற்குப் பிறகும் ஏறியது. எஃப்.சி. காட்டுவதற்கு முன் டிங்கரிங், பெயின்டிங், பிரேக் வேலை என்று ஒரு சுற்று. நான் வருஷம் 60,000 என்று போட்டதில் இதுவும் அடக்கம். கட்டணத்தைப் பார்த்துப் பயப்படுவதை விட, அதையும் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொள்வது நல்லது.

புகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும் நான் மரியாதையாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. 2020 ஏப்ரல் 1 முதல் வருகிற பி.எஸ்.6 வண்டியோடு ஒப்பிட்டால் 2011 வண்டி கரியைக் கக்குகிறது. ஆனால் மாமா விற்றால் அந்த வண்டி மறைந்தா போகும்? புரோக்கர் அதை இன்னொரு ஊரில் இன்னொருத்தர் தலையில் கட்டுவார். அங்கே அதே தேய்ந்த ரிங்கோடு ஆயிலை எரித்துக்கொண்டு ஓடும். உங்கள் மனசாட்சிதான் பி.எஸ்.6 ஆகும், காற்று ஆகாது. காற்றுக்காக விற்கிறேன் என்பவர் பதிவு பெற்ற அழிப்பு மையத்தில் கொடுத்துவிட்டுச் சான்றிதழ் வாங்கட்டும், அதைக் காட்டினால் புது லோடு வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தரவும் வழி இருக்கிறது. புரோக்கரிடம் விற்றுவிட்டுச் சுற்றுச்சூழல் பேசக்கூடாது. நீலப் புகை விடுகிற என்ஜினில் ரிங் மாற்றினால் அந்தப் புகை இன்றைக்கே குறையும்.

அதோடு புது டீசல் வண்டியின் சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்கிற ஒரு வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது எரித்துத் தள்ள வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் சூடாக ஓட வேண்டும். தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் குட்டி நடை அடிக்கிற வண்டியில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரிய ஆரம்பிக்கும். அப்புறம் லேப்டாப் வைத்திருக்கிற சர்வீஸ் சென்டரைத் தேடிப் போக வேண்டும். லேத்தும் ஸ்பேனரும் வைத்திருக்கிற நம் ஊர் மெக்கானிக்கால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மாசத் தவணைக்கும் விவசாய வருமானத்துக்கும் ஆகவே ஆகாது என்பதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்குப் போய் ரோட்டில் கொட்டுகிற மாசத்திலும் 18,434 கட்ட வேண்டும். மூன்று டியூ விட்டால் ஃபைனான்ஸ் ஆட்கள் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ரிப்பேரை வேலை இல்லாத மாசத்துக்குத் தள்ளிப் போடலாம். மெக்கானிக்கிடம் பாதி இப்போ, பாதி பொங்கலுக்கு என்று சொல்லலாம். பேங்கிடம் சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் நான் எல்லாப் பழைய வண்டிக்கும் வக்கீல் என்று நினைத்துவிட வேண்டாம். "இந்த வண்டிதான் எனக்குச் சோறு போட்டுச்சு, இதுல எவ்வளவு போட்டிருக்கேன் தெரியுமா" என்று கண் கலங்குகிற கோஷ்டியும் எனக்கு ஆகாது. போட்ட காசு போனதுதான். போன வருஷம் கியர்பாக்ஸுக்குக் கொடுத்தது இந்த வருஷ முடிவில் வரக்கூடாது. இனிமேல் போகப் போகிற காசை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் என்ஜினில் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள். மீன் லோடு அடித்த வண்டி, உரம் ஏற்றிய வண்டி என்றால் கட்டாயம் அடியில் படுத்துப் பாருங்கள். பின்பட்டையைத் தாங்குகிற பிராக்கெட் பக்கத்திலும், ரிவெட் அடித்த இடங்களிலும் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டாலோ, துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ காயலான் கடைதான். விரிசலுக்கு வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்பார்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு பலவீனமாகி அதற்கு அடுத்து விரிசல் விடும், அதுவும் லோடோடு போகும்போது விடும். என்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், சேஸிஸ் போனால் வண்டியே போன மாதிரி.

மாமா வண்டியின் சேஸிஸை நானும் மெக்கானிக்கும் போன ஞாயிற்றுக்கிழமை தட்டிப் பார்த்தோம். சுத்தமாக இருக்கிறது. காய்கறி லோடு மட்டுமே அடித்த புண்ணியம். என்ஜினை இறக்குவதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், ஹெட் கேஸ்கெட்டோடு முடிகிற விஷயமா, போர் வரை போகிறதா என்று அதில் ஓரளவு தெரிந்துவிடும். எஸ்டிமேட்டை எழுதி வாங்கியாச்சு, கழற்றிய பழைய சாமானை எல்லாம் கையில் தர வேண்டும் என்றும் பேசியாச்சு. (அதற்கு மெக்கானிக் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!) பேங்க்கார சொந்தம் மட்டும் இன்னும் போன் பண்ணி "வேஸ்ட் பண்றீங்க மாப்ளே" என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய கார் எட்டு வருஷத்தில் மூன்றாவது கார். மூன்றும் கடனில்.