செல்போன் ஜிபிஎஸ் '3 மீட்டர் துல்லியம்' என்று காட்டினால் நம்பலாமா? பட்டாசுக் கடை இடைவெளியை அளப்பதில் என்ன சிக்கல்?

தீபாவளி நெருங்கினால் விருதுநகர் மாவட்டத்தில் தற்காலிகப் பட்டாசுக் கடை உரிமம் பற்றிய பேச்சும் சூடுபிடிக்கும். ஒரு கடைக்கு எதிராகப் பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "கடைக்கும் என் வீட்டுக்கும் 46 மீட்டர்தான் இருக்கு" என்று தன் செல்போனைக் காட்டுகிறார். "52 மீட்டர் இருக்குண்ணே, நீங்களே பாருங்க" என்று கடைக்காரர் தன் செல்போனைக் காட்டுகிறார். இரண்டு திரையிலும் 'துல்லியம்: 3 மீட்டர்' என்றுதான் போட்டிருக்கிறது.

யார் சொல்வது சரி? இரண்டு பேருமே ஏமாற்றவில்லை. அந்த '3 மீட்டர்' என்ற எண்ணுக்கு அவர்கள் நினைக்கும் அர்த்தம் கிடையாது, அவ்வளவுதான்.

சட்டம் கேட்கும் தூரம் எவ்வளவு?

2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளில் 84ஆவது விதி, பண்டிகைக் காலத் தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கானது. எளிதில் தீப்பற்றாத பொருளால் கட்டிய ஷெட்டாக இருக்க வேண்டும். ஒரு ஷெட்டுக்கும் இன்னொரு ஷெட்டுக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். வீடு, பள்ளி, மருத்துவமனை போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய இடங்களில் இருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஷெட்டுகள் எதிரெதிரே பார்த்தபடி இருக்கக் கூடாது. ஓரிடத்தில் 50 கடைகளுக்கு மேல் அனுமதி இல்லை.

வெடிப்பதற்கும் தூரக் கணக்கு உண்டு. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். பட்டாசின் சத்தம், வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது.

3, 4, 50, 100. இதெல்லாம் சும்மா காகிதத்தில் இருக்கும் எண்கள் என்று இந்த ஊர்க்காரர்களிடம் சொல்ல முடியாது. 2016 அக்டோபர் 20ஆம் தேதி சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் தீப்பிடித்தபோது, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகை புகுந்தது. குறைந்தது 8 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் ஸ்கேன் சென்டருக்குள் இருந்தவர்கள், பட்டாசுத் தொழிலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் கணிசமானோர் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்து, ஆலைக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றவர்கள்.

தூரம்தான் உயிர் என்கிற ஊரில், அந்தத் தூரத்தை எதை வைத்து அளக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்த '3 மீட்டர்' எதைச் சொல்கிறது?

பலரும் நினைப்பது இதுதான்: '3 மீட்டர் துல்லியம்' என்றால், போன் காட்டும் இடத்துக்கும் நாம் நிற்கும் இடத்துக்கும் அதிகபட்சம் 3 மீட்டர்தான் வித்தியாசம் இருக்கும். இது தப்பு. அது அதிகபட்சமே கிடையாது.

ஆண்ட்ராய்டு போன்களில் அந்த எண் ஒரு வட்டத்தின் ஆரம். போன் காட்டும் புள்ளியை மையமாக வைத்து அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், நீங்கள் அதற்குள் இருப்பதற்கான வாய்ப்பு 68 சதவீதம். அதாவது பத்துத் தடவை பார்த்தால் சுமார் ஏழு தடவை உள்ளே, மூன்று தடவை வெளியே. கூகுள் மேப்ஸில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு வட்டம் விரிந்து சுருங்குமே, அதுவும் இந்தக் கணக்குதான்.

100க்கு 95 தடவை உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்டால் வட்டம் பெரிதாகிவிடும். போன் 5 மீட்டர் என்று காட்டினால், 95 சதவீதத்துக்கு அது சுமார் 8 மீட்டர்.

கையடக்க ஜிபிஎஸ் கருவிகளில் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. 50 சதவீத வாய்ப்பை வைத்தும் பிழையைச் சொல்லலாம், 95 சதவீதத்தை வைத்தும் சொல்லலாம். இரண்டுமே நடைமுறையில் உள்ள அளவுகள். அதனால் ஒரு கருவியில் '3', இன்னொன்றில் '5' என்று காட்டினால், 3 காட்டுவதுதான் நல்ல கருவி என்று சொல்லிவிட முடியாது. அது கொஞ்சம் தாராளமாக மார்க் போடும் கருவியாகவும் இருக்கலாம்.

பரீட்சை எழுதுவதும் மார்க் போடுவதும் ஒரே ஆள்!

போனுக்குத் தன் உண்மையான பிழை எவ்வளவு என்று தெரியாது. தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுச் சரியான இடத்தையே காட்டியிருக்குமே! எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது, அவை வானத்தில் பரவலாக இருக்கின்றனவா, ஒரே பக்கம் கூடி நிற்கின்றனவா, சிக்னல் பலமாக வருகிறதா என்பதை எல்லாம் வைத்து 'இவ்வளவு பிழை இருக்கலாம்' என்று ஒரு மதிப்பீடு செய்கிறது. திரையில் வருவது அந்த மதிப்பீடு.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, நானோ விநாடி. அந்த ஒரு பங்கு நேரம் தவறினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகும். பத்துப் பங்கு தவறினால் 3 மீட்டர், அதாவது இரண்டு பட்டாசு ஷெட்டுக்கு நடுவே இருக்க வேண்டிய மொத்த இடைவெளியும் போச்சு.

நேரம் ஏன் தவறுகிறது? தரையில் இருக்கும் முக்கியக் காரணம் எதிரொலிப்பு. சிக்னல் நேராக வராமல் தகர ஷெட்டிலோ, பக்கத்துக் கட்டடச் சுவரிலோ பட்டுத் திரும்பி வந்தால், அது கூடுதல் தூரம் பயணித்திருக்கும். போன் அதை நேராக வந்த சிக்னல் என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அப்போது 15 மீட்டர் தள்ளி இடத்தைக் காட்டிக்கொண்டே, 'துல்லியம் 4 மீட்டர்' என்று தைரியமாகச் சொல்லும். பட்டாசுக் கடை இருக்கும் சூழலை யோசித்துப் பாருங்கள்: தகரக் கூரை, வரிசையாக ஷெட், பின்னால் ஒரு காம்பவுண்டு சுவர். எதிரொலிப்புக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

இன்னொரு காரணம் மேலே இருக்கிறது, அது தென் தமிழ்நாட்டுக்கே உரியது. பூமியின் காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனைப் பகுதியை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். இந்தப் பட்டையில் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் கொஞ்சம் முரடு. சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரத்துக்கு அதில் குமிழிகள் போல உருவாகி, ஜிபிஎஸ் சிக்னலைத் தடுமாற வைப்பதுண்டு. சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். ஒரே இடத்தில் நின்று காலையிலும் இரவு எட்டு மணிக்கும் அளந்தால் வெவ்வேறு ரீடிங் வரலாம். அதற்காகப் போனை மாற்ற வேண்டியதில்லை.

(இன்னொரு வேடிக்கை: சில செயலிகளில் சிவகாசியின் உயரம் கிட்டத்தட்ட கடல் மட்டம் என்று காட்டும். உண்மையில் ஊர் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் கணக்குக்கு வைத்திருக்கும் பூமி வடிவத்தைவிடத் தென்னிந்தியாவில் உண்மையான கடல் மட்டம் சுமார் 90 மீட்டர் தாழ்வாக இருப்பதால் வரும் குளறுபடி இது. அந்த 90 மீட்டரைச் சரிசெய்யாத செயலியில் உயர ரீடிங்கைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.)

50 மீட்டரை அளந்தால் என்ன வரும்?

திறந்த வெளியில், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில், ஒரு சாதாரண செல்போனின் பிழை சுமார் 5 மீட்டருக்குள் இருக்கும் என்று ஜிபிஎஸ்ஸை நடத்தும் அமெரிக்க அரசே சொல்கிறது. அதாவது 5 மீட்டர் என்பதே நல்ல நிலைமைதான்.

ஒரு தூரத்தை அளக்க இரண்டு புள்ளி வேண்டும். கடை வாசலில் ஒன்று, வீட்டு வாசலில் ஒன்று. இரண்டிலும் தனித்தனியாகப் பிழை வரும். இரண்டு இடத்திலும் போன் '5 மீட்டர்' என்று காட்டியது, பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக் கணக்குப் போட்டால், திரையில் வரும் '50 மீட்டர்' என்பதற்கு உண்மையில் 41 முதல் 59 மீட்டர் வரை எதுவாகவும் இருக்க இடமுண்டு. ஒரே போனில் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் இரண்டு புள்ளியையும் எடுத்தால் வானத்தால் வரும் பிழை ஓரளவு இரண்டிலும் ஒன்றாக இருந்து கழிந்துவிடும், வித்தியாசம் குறையும். ஆனால் தகர ஷெட்டால் வரும் பிழை கழியாது.

ஆக, 46 சொன்ன வீட்டுக்காரரும் 52 சொன்ன கடைக்காரரும் ஒரே தூரத்தைத்தான் அளந்திருக்கலாம். 100 மீட்டர் அமைதி மண்டலத்துக்கு இந்த முறை ஒரு உத்தேசமாவது தரும். 3 மீட்டர் ஷெட் இடைவெளிக்கும் 4 மீட்டர் சத்த அளவுக்கும் ஜிபிஎஸ்ஸை எடுப்பதே வீண்.

நிலத்திலும் இதே கதைதான். ஒரு சென்ட் என்பது சுமார் 40.5 சதுர மீட்டர். ஐந்து சென்ட் சதுர மனை என்றால் ஒரு பக்கம் சுமார் 14.2 மீட்டர். நடந்தே நிலம் அளக்கும் செயலியில் ஒரு பக்கம் மட்டும் 3 மீட்டர் கூடுதலாக விழுந்தால், ஒரு சென்ட்டுக்கு மேல் 'கூடிவிடும்'. அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் பங்காளியோடு சண்டைக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எட்டு இலக்கம் இருந்தால் துல்லியமா?

நூறு நாள் வேலையில் இருப்பிடத்தோடு கூடிய வருகைப்பதிவுப் படம் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அதுபோலப் படத்திலேயே அட்சரேகை, தீர்க்கரேகையை அச்சடித்துத் தரும் கேமரா செயலிகள் இப்போது நிறைய. சிலவற்றில் தசமப் புள்ளிக்குப் பிறகு எட்டு இலக்கம் வரை ஓடும். அட்சரேகையில் ஐந்தாவது இலக்கம் என்பதே சுமார் 1.1 மீட்டர். எட்டாவது இலக்கம் என்றால் ஒரு மில்லிமீட்டர்! 5 மீட்டர் பிழை உள்ள போன் மில்லிமீட்டர் வரை சொல்வது, தராசே இல்லாத கடையில் மில்லிகிராம் வரை விலை போடுவது போல. ஐந்து இலக்கத்துக்கு மேல் இருப்பது வெறும் அலங்காரம்.

விலை உயர்ந்த போன் வாங்கினால் தீருமா என்றால், கொஞ்சம் உதவும். இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்கும் போன்கள் 2018 முதல் சந்தையில் இருக்கின்றன. அயனி மண்டலப் பிழையையும் எதிரொலிப்பையும் அவை நன்றாகவே குறைக்கும். இந்தியாவின் நாவிக் சேவையைப் பயன்படுத்தும் போன்களும் உண்டு. ஆனால் அந்த வரிசையில் 2025 ஜனவரி 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-02, திட்டமிட்ட சுற்றுப்பாதையைச் சென்றடையவில்லை. எந்தப் போனாக இருந்தாலும், உரிமப் பிரச்சினையைத் தீர்க்கும் அளவுக்கு உத்தரவாதம் தராது.

பிறகு எதை நம்புவது?

3 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் டேப்தான். விலை குறைவு, மேகமும் தகரமும் அதை ஒன்றும் செய்யாது. நடுவே சுவரோ ஓடையோ இருந்து டேப் பிடிக்க முடியாவிட்டால், நில அளவைத் துறையின் சர்வேயர் அளப்பதுதான் செல்லும். அவர்கள் வைத்திருக்கும் டிஜிபிஎஸ் கருவியும் அதே செயற்கைக்கோள்களைத்தான் பார்க்கிறது. ஆனால் துல்லியமாக இடம் தெரிந்த ஒரு தரை நிலையமும் அதே நேரத்தில் அதே சிக்னலை வாங்கி, 'இந்த நிமிடத்தில் இவ்வளவு பிழை' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சில சென்டிமீட்டருக்குள் அளக்க முடிகிறது. சர்வே ஆஃப் இந்தியா இதற்காக நாடு முழுக்க நிலையங்கள் அமைத்திருக்கிறது.

கடை இடைவெளி பற்றிப் புகார் கொடுப்பவர் செல்போன் ரீடிங்கை இணைப்பதில் தப்பில்லை. 'தூரம் 46 மீட்டர்' என்று அடித்துச் சொல்லாமல், 'விதிப்படி 50 மீட்டர் இல்லை என்று தெரிகிறது, நேரில் அளந்து பார்க்க வேண்டும்' என்று எழுதினால் மனு நிற்கும். கடைக்கு விண்ணப்பிப்பவரும் வரைபடத்தில் செல்போன் அளவைப் போடாமல் டேப் அளவைப் போடுவது நல்லது. 51 மீட்டர், 52 மீட்டர் என்று ஓரத்தில் நிற்கும் இடமாக இருந்தால் இன்னும் சில மீட்டர் தள்ளிப் போட்டுவிட்டால் பேச்சே எழாது.

பட்டாசு ஆலைகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அங்கே அறைகளுக்கு நடுவே உள்ள தூரம், உரிமத்தோடு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அளந்து பார்க்கிறேன் என்று போனோடு வேலி ஓரம் போகாதீர்கள்.

அப்படியானால் செல்போன் ஜிபிஎஸ் எதற்குமே ஆகாதா? ஒன்றுக்கு ரொம்பவே ஆகும். கரிசல் காட்டுக்கு நடுவே கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத இடத்தில் விபத்து நடந்தால், 108க்கோ தீயணைப்புத் துறைக்கோ வழி சொல்வது பெரும்பாடு. அங்கே 5 மீட்டர் இல்லை, 20 மீட்டர் பிசகினாலும் பரவாயில்லை. வண்டி வந்துசேர்ந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் ரோந்து போகும் வனத்துறைக்கும் அப்படித்தான். மர நிழலில் ரீடிங் தடுமாறினாலும், எந்தப் பள்ளத்தில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

அப்படி இடத்தைப் பகிரும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சம்பவ இடத்தில் இருந்து பாதுகாப்பாக விலகி, வானம் தெரியும் இடத்துக்கு வந்து, மேப்பில் அந்த நீல வட்டம் சுருங்கும் வரை அரை நிமிடம் காத்திருந்து அனுப்புங்கள். செயலிக்கு 'துல்லியமான இருப்பிடம்' என்ற அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்றும் இப்போதே செட்டிங்ஸில் பார்த்து வைத்துக்கொள்ளலாம். 'தோராயமான இருப்பிடம்' என்று இருந்தால், நீங்கள் அனுப்பும் புள்ளி அடுத்த ஊரில்கூடப் போய் விழும்.