துவிசக்கர விளக்கிற்கேற்ற வெண்ணொளி டையோடு

நம் கலாசாலை மாணாக்கரிற் சிலர் தம் துவிசக்கர வண்டிக்குத் தாமே விளக்கு அமைத்துக்கொள்ளுகின்றனர். இஃது மெச்சத்தக்கதே. ஆயின் எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடுகளைத் தெரிந்தெடுக்குமிடத்து அவர்கள் பெரிதும் ஏமாறுகின்றனர் என்பது எனது அபிப்பிராயம்.

கடையில் முதலில் நம் காதில் விழுவது "இருபதினாயிரம் மில்லிகாண்டெலா" என்னும் பெருந்தொகை. காண்டெலா என்பது ஒரு திசையிற் செல்லும் ஒளியின் செறிவேயன்றி, மொத்த ஒளியின் அளவன்று. 5 மில்லிமீட்டர்க் குமிழின் முனையிலுள்ள வில்லை, ஒளியை 15 பாகைக்குள் ஒடுக்கிவிடுவதால் எண் பெருகுகின்றது. உள்ளபடி வெளிப்படுவதோ ஓரிரு லூமென் மாத்திரமே. யானும் இத்தகைய குமிழ் பன்னிரண்டு வாங்கித் தகரப் பெட்டியொன்றிற் பதித்தேன். சாலை நடுவே ஒரு வெண்பொட்டைக் கண்டேனேயன்றி, ஓரத்துக் குழியைக் காணவில்லை. குழி என்னைக் கண்டுகொண்டது.

ஆகவே நாம் வினவவேண்டுவது, ஒரு வாட் மின்சக்திக்கு எத்தனை லூமென், அதுவும் எவ்வளவு மின்னோட்டத்தில் என்பதே. வெண்டையோடு உண்மையில் நீலவொளி தருவது. அந்நீலத்தின் ஒரு பகுதியை மேற்பூசிய பாஸ்பர் மஞ்சளாக மாற்ற, இரண்டுங் கலந்து வெண்மை தோன்றுகின்றது. (இந்நீல டையோடுக்காகவே அகாசாகி, அமானோ, நகாமுரா என்னும் மூவரும் 2014-இல் நோபெல் பரிசு பெற்றனர்.) மின்னோட்டம் ஏற ஏற இதன் திறன் குறைந்துகொண்டே போம், வெப்பமும் அதனைக் குறைக்கும். 2009-இல் கிரீ கம்பெனியார் வெளியிட்ட எக்ஸ்.பி.-ஜி. டையோடின் உயர்தரத்தை எடுத்துக்கொள்வோம். 350 மில்லியாம்பியரில் அது 139 லூமென் தரும். வாட் ஒன்றிற்கு ஏறக்குறைய 130. 1 ஆம்பியர் செலுத்தினாலோ 345 லூமென். செலவு மும்மடங்கு, ஒளி இரண்டரை மடங்கு. நம் கண்ணோ அதனை அவ்வளவாகவும் உணர்வதில்லை. பின்வந்தவை இன்னும் மேலானவையாயினும் இவ்வியல்பு மாறவில்லை.

2.6 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலமொன்றில் ஏறக்குறைய 9 வாட்-மணி அடங்கும். ஒரு வாட்டில் எரித்தால் ஏழெட்டு மணி நேரம் நிற்கும். மூன்று வாட்டில் எரித்தால் மூன்று மணிக்குள் அணைந்து, பேரொளிக்குப் பழகிய கண்ணோடு நம்மை நடுவழியில் நிறுத்தும். நல்ல டையோடை வாங்கி மெல்ல எரிப்பதே என் கட்சி. அளவுப் பத்திரம் காட்டமாட்டாத பெயரற்ற சரக்கை வாங்காதொழிக.

எனினும் திறனொன்றையே பற்றி நிற்பாரோடும் எனக்கு ஒரு பிணக்குண்டு. மிகுந்த லூமென் தருவது நீலச்சாயலுள்ள குளிர்வெண்மை. அதில் செம்மண் வழியின் மேடும் பள்ளமும் ஒன்றாய் வெளுத்துக் காண்கின்றன. 4000 கெல்வினளவான நடுவெண்மையில் லூமென் சிறிது குறையினும் மண் மண்ணாகவும் மாடு மாடாகவும் தோன்றுகின்றது. அந்நஷ்டத்தை யான் மகிழ்ந்தே ஏற்பேன்.

டையோடை அலுமினியத் தகட்டில் இறுகப் பதித்திடுக. எதிரே கூடை சுமந்து வருவாள் ஒருத்தி கண்கூசி வாய்க்காலில் இறங்காதவாறு, வண்டியைச் சுவரெதிரே நிறுத்தி, ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்திற்குக் கீழே விழும்படி திருகாணியை முடுக்கிக்கொள்க.