இரண்டாம் இதழுக்குக் காகிதம் இல்லை

"கலைக்கு ஏது சாதி, ஏது நிறம்? திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது" என்பவர்கள் காமிக்ஸ் பற்றிப் பேச வந்தால் ஒரு கதையைக் கட்டாயம் எடுத்து நீட்டுவார்கள். ஈசி காமிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1953இல் வெளியிட்ட 'ஜட்ஜ்மென்ட் டே'. ரோபோக்கள் வாழும் ஒரு கோள். ஆரஞ்சு நிற ரோபோக்களுக்கு ஊர், நீல நிற ரோபோக்களுக்குச் சேரி. உள்ளே இருக்கும் உதிரிகள் எல்லாம் ஒன்றுதான், மேல்தகடு மட்டும்தான் வேறு. பூமியிலிருந்து ஓர் அதிகாரி வந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். 'நீங்கள் இன்னும் எங்களோடு சேரத் தகுதி பெறவில்லை' என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் தெரிகிறது, அவர் ஒரு கறுப்பர்.

1956இல் இதை மறுபடி அச்சிடப் போனபோது காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் தலைவரான சார்லஸ் மர்ஃபி, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். ஒரு முன்னாள் நீதிபதி பேசிய பேச்சு இது. அதற்கு ஒப்பவில்லை என்றதும், முகத்தில் இருக்கும் வியர்வைத் துளிகளையாவது எடுங்கள் என்றார். பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் ஒரு துளியைக்கூட எடுக்காமல் அச்சிட்டார். அந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கதையை எழுதிய அல் ஃபெல்ட்ஸ்டைன், வரைந்த ஜோ ஆர்லாண்டோ, அச்சிட்ட கெய்ன்ஸ் மூவருமே வெள்ளையர்கள். நம்மைப் பற்றி நல்லவர்கள் நல்லபடியாக எழுதியதோடு வரலாற்றை முடித்துக்கொள்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

அந்தக் கதைக்கு ஆறு வருடம் முன்னால், ஃபிலடெல்ஃபியாவில் ஆரின் எவன்ஸ் என்று ஒரு கறுப்பினப் பத்திரிகையாளர் இருந்தார். இராணுவத்தில் நடந்த நிறப் பாகுபாட்டைப் பற்றி எழுதி மிரட்டல்களைச் சந்தித்தவர். அவர் வேலை பார்த்த 'ஃபிலடெல்ஃபியா ரெக்கார்ட்' நாளிதழ் ஒரு வேலைநிறுத்தத்தின் நடுவே 1947 தொடக்கத்தில் மூடப்பட்டது. வேலை போன மனிதர் என்ன செய்தார்? அன்றைய காமிக்ஸில் கறுப்பர் என்றால் தடித்த உதடு, உருண்ட கண், எஜமானுக்குப் பின்னால் ஓடும் வேலைக்காரன். நாமே ஒன்று கொண்டுவருவோம் என்று சிலரைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டு ஜூனில் 'ஆல்-நீக்ரோ காமிக்ஸ்' வெளியிட்டார். 48 பக்கம். மற்ற காமிக்ஸ் 10 சென்ட் விற்ற காலத்தில் இதன் விலை 15 சென்ட். (அந்தச் சொல் அன்று அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். இன்று நாம் சொல்வதில்லை.)

அதில் ஏஸ் ஹார்லெம் என்ற கறுப்பினத் துப்பறிவாளர் இருந்தார், வரைந்தவர் ஜான் டெரல். லயன் மேன் என்ற நாயகன் கல்லூரி படித்த விஞ்ஞானி. ஆப்பிரிக்காவின் யுரேனியத்தைக் கொள்ளைபோகாமல் காக்க ஐ.நா. அனுப்பிய ஆள். 1947இல் யோசித்த கற்பனை இது! இந்தக் கதையை வரைந்தவர் எவன்ஸின் தம்பி ஜார்ஜ். ஒவ்வொரு கோடும் கறுப்பினக் கலைஞர்கள் இழுத்தது என்று முன்பக்கத்திலேயே தன் படத்தைப் போட்டு அறிவித்தார் ஆரின் எவன்ஸ்.

இரண்டாம் இதழுக்குப் படங்கள் தயாராகிவிட்டன. ஆனால் அச்சடிக்கக் காகிதம் கிடைக்கவில்லை. முதல் இதழுக்கு விற்றவரும் விற்கவில்லை, வேறு யாரும் விற்கவில்லை. பெரிய வெள்ளை நிறுவனங்களின் கை இருந்ததாகப் பலரும் நம்புகிறார்கள். 'வாசகர்கள் இல்லை, அதனால் நின்றுபோனது' என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கேளுங்கள். வாசகர்கள் இல்லையென்றால், ஃபாசெட் என்ற பெரிய நிறுவனம் 1950இல் 'நீக்ரோ ரொமான்ஸ்' என்று காமிக்ஸ் போட்டது யாருக்கு விற்க? எவன்ஸ் மறுபடி செய்தியாளர் வேலைக்கே போனார்.

காகிதம்தானே என்று நினைக்காதீர்கள். 1920இல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, அதற்கு ஒரு விளம்பரம் போடுங்கள், கட்டணம் தருகிறோம் என்று கேட்டதற்குத் திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. காசு கொடுத்தாலும் இடம் கிடையாது. பின்னாளில் பம்பாயில் 'பாரத் பூஷண்' என்று சொந்தமாக ஓர் அச்சகம் வைக்க அவர் ஏன் அத்தனை பாடுபட்டார் என்பது இதிலிருந்துதான் புரியும்.

சொந்த அச்சகம் இல்லாதவர்களுக்கு என்ன நடந்தது? மேட் பேக்கரை எடுத்துக்கொள்வோம். 1921இல் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1940களின் காமிக்ஸில் அவர் அளவுக்குக் கோட்டில் நளினம் வைத்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள் என்பது என் கருத்து. அவர் வரைந்து பெயர்பெற்ற 'ஃபான்டம் லேடி'யில் அச்சான பெயர் கிரெகரி பேஜ். அப்படி ஒரு ஆளே கிடையாது, நிறுவனம் வைத்த பொதுப்பெயர் அது. 1945இல் 'வூடா' என்ற கறுப்பினக் காட்டு வீரனையும் வரைந்தார். பின்வந்த இதழ்களில் வூடா வெள்ளையனாகிவிட்டான். நாயகனின் தோலையே மாற்றிவிட்டார்கள். பேக்கருக்கு இதயம் பலவீனம். 1959இல், 37 வயதில் இறந்தார். ஐஸ்னர் விருதின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏற 2009 வரை ஆனது.

ஜார்ஜ் ஹெரிமேன் கதை இன்னும் வலிக்கும். 'கிரேஸி கேட்' என்ற நாளிதழ்ப் படக்கதையை 1913 முதல் 1944இல் சாகும்வரை வரைந்த மேதை. நியூ ஆர்லியன்ஸில் 1880இல் பிறந்தபோது அவருடைய பிறப்புச் சான்றிதழில் நிறத்தவர் என்று பதிவானது. வாழ்ந்ததோ வெள்ளையராக. சுருள்முடி தெரியாதபடி எப்போதும் தொப்பி. இறப்புச் சான்றிதழில் வெள்ளையர் என்றே எழுதினார்கள். அந்தப் பிறப்புச் சான்றிதழ் வெளியுலகுக்குத் தெரிய 1971 ஆகிவிட்டது. நகரத்தில் வீடு பிடிக்கும்போது, புது ஆபீஸில் சேரும்போது, 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்விக்கு நாக்கு ஒரு நொடி தயங்கும் நம் தோழர்களுக்கு அந்தத் தொப்பியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. திறமை இருந்தால் போதும் என்பவர்கள், அப்பேர்ப்பட்ட திறமைக்கு அந்தத் தொப்பி எதற்கு என்று சொல்லட்டும்.

இப்போது அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். 'வெள்ளைக் கலைஞர்களையும்தான் ஏமாற்றினார்கள். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் வெறும் 130 டாலருக்கு உரிமையை இழக்கவில்லையா?' இழந்தார்கள். அவர்கள் யூதர்கள், அவர்களுக்கும் வேறு பல கதவுகள் மூடியிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 'ஏழை எல்லாச் சாதியிலும் இருக்கிறான்' என்று இங்கே சொல்கிறார்களே, அதே வாதம்தான் இது. அவர்கள் முதலாளியிடம் ஏமாந்த தொழிலாளிகள். ஆனால் அவர்கள் பெயர் முதல் நாளிலிருந்து அச்சில் இருந்தது. பின்னால் அதை நீக்கினார்கள். சக ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டதால் 1975இல் பெயரும் திரும்பியது, ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் வந்தது. 'என் பெயரைத் திருப்பிக் கொடு' என்று கேட்பதற்குப் பெயர் ஒருமுறையாவது அச்சாகியிருக்க வேண்டும். கிரெகரி பேஜுக்குப் பின்னால் இருந்தவர் எதைக் காட்டிக் கேட்பார்?

தொப்பியும் இல்லாமல் பொய்ப்பெயரும் இல்லாமல் வருடக்கணக்கில் வரைந்தவர் ஒருவர் உண்டு, ஜாக்கி ஆர்ம்ஸ். 1937இல் 'டார்ச்சி பிரவுன்' என்ற கறுப்பினப் பெண்ணை நாயகியாக வைத்துத் தொடங்கினார். 1945 முதல் 1956 வரை 'பேட்டி ஜோ அண்ட் ஜிஞ்சர்' வரைந்தார். அதில் ஒரு சின்னப் பெண் நிறவெறியிலிருந்து அரசியல்வாதிகள் வரை எல்லாரையும் வாய்க்கு வந்தபடி கேள்வி கேட்பாள், அக்கா வாயடைத்து நிற்பாள். எஃப்.பி.ஐ. இவருக்கு 287 பக்கக் கோப்பு வைத்திருந்தது. எவன்ஸுக்கு ஒரு இதழ்தான் வாய்த்தது, ஆர்ம்ஸுக்கு மட்டும் இது எப்படி முடிந்தது? அவர் வரைந்தது 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையில். கறுப்பர்களே உரிமையாளர்களாக இருந்து, கறுப்பர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்த பத்திரிகை அது. காகிதத்துக்கு அவர் யார் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை வாசிப்பு வட்டத்தில் யாராவது 'ஜட்ஜ்மென்ட் டே'யை எடுத்துப் போட்டால் மறுக்க வேண்டாம், அதையும் படிக்கலாம். பக்கத்திலேயே 'ஆல்-நீக்ரோ காமிக்ஸ்' இதழையும் வையுங்கள். அதன் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது, 48 பக்கமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏஸ் ஹார்லெம் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். லயன் மேன் கதை அடுத்த இதழில் எப்படிப் போயிருக்கும் என்று யாராவது கேட்டால், படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் கையில் காகிதத்தைக் கொடுங்கள்.